சார்லஸ் ரிஷேயும் இரண்டாவது ஊசியும்: உடனடி ஒவ்வாமை கண்டறியப்பட்ட வரலாறு

சென்ற முறை இதே ஊசியைப் போட்டுக்கொண்டபோது ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை மட்டும் ஏன் இப்படி ஆயிற்று என்பது, கடுமையான ஒவ்வாமையுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் நோயாளிகளின் உறவினர்கள் பெரும்பாலும் எழுப்பும் கேள்வியாகும். மருந்து மாறிவிட்டதோ, அளவு கூடிவிட்டதோ, ஊசி போட்டவர் தவறு செய்துவிட்டாரோ என்ற ஐயம் அக்கேள்வியின் பின்னால் இருப்பதும் இயல்பே. ஆனால் முதல்முறை ஒன்றும் ஆகாமல் உடலுக்குள் சென்ற பொருளே இரண்டாம் முறைத் தாக்குதலுக்கு உடலை ஆயத்தப்படுத்தியிருக்கக்கூடும். இவ்வுண்மையைத் தெளிவாக நிறுவி அதற்கு ஒரு பெயரையும் சூட்டியவர் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ரிஷே ஆவார். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால், உடனடி ஒவ்வாமை எவ்வாறு உண்டாகிறது என்பதும், அது நேரும்போது நிமிடங்கள் ஏன் முக்கியமாகின்றன என்பதும் எளிதில் விளங்கும்.

இளமையும் தொடக்கக்கால ஆய்வுகளும்

ரிஷே 1850ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை அல்ஃப்ரெட் ரிஷே, பாரிஸ் மருத்துவப் புலத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். மகனும் மருத்துவமே பயின்றார். ஆயினும் அறுவைக் கூடத்தைவிட ஆய்வுக்கூடமே அவரை மிகுதியாக ஈர்த்தது. உணவுக்குழாய் அடைபட்டமையால் வயிற்றில் துளையிட்டு நேரடியாக இரைப்பைக்கு உணவளிக்கப்பட்ட ஒரு நோயாளியின் இரைப்பை நீரை ஆராய்ந்தது அவருடைய தொடக்கக்காலப் பணிகளுள் ஒன்று. வியர்வை சிந்த இயலாத நாய், மூச்சிரைப்பதன் வாயிலாக உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் முறையையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். 1887ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவப் புலத்தின் உடலியங்கியல் பேராசிரியரானார்.

இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கிய தொடர்புடைய ஆய்வு அதற்கு அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது. ஜூல் எரிக்கூர் என்பவருடன் இணைந்து, ஒரு கிருமித் தொற்றிலிருந்து மீண்ட நாயின் இரத்தத்தை முயல்களுக்குச் செலுத்தினார் ரிஷே. அம்முயல்கள் அக்கிருமியின் தாக்குதலைத் தாங்கி நின்றன. நோயை வென்ற உடலின் இரத்தத்தில் பாதுகாப்புத் தரும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதை வேறோர் உடலுக்கு மாற்றவும் முடியும் என்பதே இதன் பொருள். சில ஆண்டுகளில், குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட சீரம் தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத் திணறிய குழந்தைகளின் உயிரைக் காக்கத் தொடங்கியது. ஒருமுறை சந்தித்த நஞ்சை உடல் மறுமுறை எளிதில் வெல்லும் என்ற நம்பிக்கை அக்காலத்து மருத்துவ உலகில் வேரூன்றியிருந்தது. அந்நம்பிக்கையை வளர்த்தவர்களுள் ஒருவரான ரிஷேயே பிற்காலத்தில் அதன் மறுபக்கத்தைக் கண்டார்.

கப்பலில் தொடங்கிய ஆய்வு

மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட் கடலாராய்ச்சியில் பேரார்வம் கொண்டவர். ஆய்வுக்கூடம் அமைந்த தமது கப்பலில் அறிஞர்களை அழைத்துச் செல்வது அவர் வழக்கம். 1901ஆம் ஆண்டின் கோடையில் அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் ரிஷேயும், இளம் உடலியங்கியலாளரான போல் போர்த்தியேயும் இருந்தனர். அட்லாண்டிக் கடற்பரப்பில் ஃபைசேலியா என்னும் உயிரி மிதந்து திரியும். ஜெல்லிமீனைப் போலத் தோற்றமளிக்கும் இதன் நீண்ட இழைகள் மனித உடலில் பட்டால் தாங்க முடியாத வலி உண்டாகும். அதன் நஞ்சை ஆராயுமாறு இளவரசர் கேட்டுக்கொண்டார். இழைகளைக் கிளிசரினில் ஊறவைத்து எடுத்த சாறு வாத்துகளுக்கும் முயல்களுக்கும் கொடிய நஞ்சாக இருப்பதைக் கப்பலிலேயே அவர்கள் கண்டறிந்தனர்.

பாரிசுக்குத் திரும்பிய பின்னர் ஃபைசேலியா கிடைக்கவில்லை. எனவே பாறைகளில் ஏராளமாக ஒட்டி வாழும் கடல் சாமந்தியின் இழைகளிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்து, எவ்வளவு நஞ்சு ஒரு நாயைக் கொல்லும் என்று கணக்கிடத் தொடங்கினர். இந்நஞ்சு மெதுவாக வேலை செய்வது. நஞ்சு பெற்ற நாய்கள் பல, நான்கைந்து நாள்கள் கழித்தே இறந்தன. குறைந்த அளவு பெற்ற நாய்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றை முழுவதும் குணமாகும்வரை வைத்திருந்து, மீண்டும் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று ரிஷே எண்ணினார். பெரும் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது இந்தச் சிக்கன எண்ணமே.

அந்நாய்களுள் ஒன்றின் பெயர் நெப்டியூன். வலிமையும் நல்ல உடல்நலமும் கொண்ட நாய் அது. முதல் ஊசியில் மிகச் சிறிதளவு சாறே செலுத்தப்பட்டது. நாய்க்கு எத்தீங்கும் நேரவில்லை. மூன்று வாரங்கள் கழிந்து, அது முழு நலத்துடன் இருந்தபோது, அதே சிறிய அளவு மீண்டும் செலுத்தப்பட்டது. சில நொடிகளிலேயே அதற்கு மூச்சு முட்டியது. நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்தது, வயிற்றுப்போக்கு உண்டாயிற்று, இரத்தமாக வாந்தி எடுத்து, 25 நிமிடங்களில் இறந்தது.

நஞ்சின் அளவு கூடவில்லை. நஞ்சின் தன்மையும் மாறவில்லை. மாறியிருந்தது நாயின் உடல்தான். இந்த நஞ்சால் வழக்கமாக ஏற்படும் மரணம் நாள்கணக்கில் நேர்வது. இதுவோ நிமிடக்கணக்கில் நேர்ந்தது. அடுத்தடுத்த சோதனைகளிலிருந்து ரிஷேயும் போர்த்தியேயும் மூன்று முடிவுகளுக்கு வந்தனர். முன்பே ஒருமுறை பொருளைப் பெற்ற விலங்கு, புதிய விலங்கைவிடப் பன்மடங்கு எளிதில் பாதிக்கப்படுகிறது. இரண்டாம் முறை தோன்றும் அறிகுறிகள் முதல்முறை தோன்றியவற்றைப் போன்றவை அல்ல. மேலும், இரண்டு ஊசிகளுக்கும் இடையே மூன்று அல்லது நான்கு வார இடைவெளி தேவைப்படுகிறது. சில நாள்களிலேயே மறுபடி செலுத்தினால் இவ்விளைவு தோன்றுவதில்லை. இம்மூன்றாவது முடிவே மிக முக்கியமானது என்பது என் கருத்து. அந்த இடைவெளியில் உடல் எதையோ உருவாக்குகிறது என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

1902ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பாரிஸ் உயிரியல் கழகத்தின் முன் இருவரும் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். நோயிலிருந்து காக்கும் தடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக, பாதுகாப்புக்கு மாறானது என்ற பொருள் தோன்ற, ரிஷே இந்நிலைக்கு அனாபிலாக்சிஸ் எனப் பெயரிட்டார். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் உயிருக்கு ஆபத்தான உடனடி ஒவ்வாமையை இப்பெயராலேயே குறிப்பிடுகின்றனர். தமிழில் இதை ஒவ்வாமை அதிர்ச்சி என்கிறோம். இத்தகைய மரணங்களை ரிஷேக்கு முன்னரும் ஆய்வாளர்கள் சிலர் விலங்குகளிடம் கண்டிருந்தனர். தற்செயலான விபத்து என்று கருதிக் கடந்து சென்றுவிட்டனர். ரிஷே அவ்விடத்தில் நின்று, அதே மரணத்தை மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்தார்.

உடலுக்குள் நடப்பது என்ன?

இடைவெளியில் உடல் உருவாக்கும் பொருள் இரத்தத்தில்தான் இருக்க வேண்டும் என்று ரிஷே கருதினார். 1907ஆம் ஆண்டில், முன்பே ஊசி பெற்ற விலங்கின் சீரத்தைப் புதிய விலங்குக்குச் செலுத்தியபோது, முதல் ஊசியைப் பெறாத அந்த விலங்கும் ஒவ்வாமைத் தன்மையை அடைந்தது. எரிக்கூருடன் செய்த பழைய ஆய்வில் பாதுகாப்பை மாற்றிக்கொடுத்த அதே வழியே இங்கு ஆபத்தை மாற்றிக்கொடுத்தது.

இதற்கிடையில் மற்ற அறிஞர்களும் இத்துறையில் புகுந்தனர். மொரிஸ் ஆர்த்துஸ் 1903இல், நஞ்சே அல்லாத குதிரைச் சீரம்கூடத் திரும்பத் திரும்பச் செலுத்தப்படும்போது முயல்களுக்குத் தீங்கு செய்வதைக் காட்டினார். ஆகவே பொருள் நஞ்சாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பாலும் நிலக்கடலையும் இறாலும் சிலருக்கு ஆபத்தாக முடிவது இதனால்தான். வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் அலர்ஜி என்னும் சொல்லை உருவாக்கினார். 1921இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பிரவுஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தம் உடன்பணியாளர் ஹைன்ஸ் கியூஸ்ட்னரின் சீரத்தைத் தம் தோலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அங்கு மட்டும் தடிப்பு எழுந்தது. அந்தச் சீரத்தில் இருந்த பொருள் எதுவென்று கண்டுபிடிக்க மேலும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய இணையரான இஷிசாகாக்களும், சுவீடன் ஆய்வாளர்களான யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியே அதைக் கண்டறிந்தனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஈ, என்று பெயரிடப்பட்டது.

இன்றைய அறிவின்படி நிகழ்வது இதுவே. தீங்கற்ற ஒரு பொருளைச் சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் பகையென்று தவறாகக் கணிக்கிறது. அப்பொருளுக்கென்றே பொருந்தும் ஐஜிஈ எதிர்ப்பொருள்களை அது உருவாக்குகிறது. இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அவை தோல், மூச்சுப்பாதை, குடல், இரத்தக் குழாய்களின் ஓரம் ஆகிய இடங்களில் உள்ள மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் சென்று ஒட்டிக்கொள்கின்றன. இக்கட்டத்தில் நோயாளிக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கண்ணி வைத்தாயிற்று, இனி அதில் கால்படுவதே மிச்சம். அதே பொருள் மறுபடி உடலுக்குள் வந்து அந்த எதிர்ப்பொருள்களோடு பிணைந்தவுடன், மாஸ்ட் செல்கள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. அவை புதிதாக உருவாக வேண்டியதில்லை, ஆயத்தமாகவே இருக்கின்றன. எனவேதான் இத்தனை வேகம்.

ஹிஸ்டமின் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. உதடு, நாக்கு, தொண்டை ஆகியவை வீங்குகின்றன. மூச்சுக்குழல்கள் சுருங்குவதால் மூச்சிரைப்பும் விசில் போன்ற ஒலியும் எழுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வருகிறது. குடல் இறுகுவதால் வயிற்றுவலியும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகின்றன. வாந்தியை உணவு ஒத்துக்கொள்ளாமையாக மட்டும் கருதிக் காத்திருப்பவர்கள் உண்டு. பூச்சி கொட்டிய அல்லது ஊசி போட்ட சில நிமிடங்களில் வரும் வாந்தியை அவ்வாறு கருதக் கூடாது. நெப்டியூனிடம் தோன்றிய அறிகுறிகளிலும் அது இருந்தது.

ஐயத்துக்கு இடமின்றி இன்னொன்றையும் கூற வேண்டும். முதல் தொடர்பு எப்போதும் நமக்குத் தெரிந்தே நடப்பதில்லை. உணவில் கலந்திருந்த சிறு துணுக்கு, தோலின் வழியே சென்ற சிறிதளவு பொருள் ஆகியவையும் முதல் ஊசியின் வேலையைச் செய்துவிடக்கூடும். ஆகவே முதன்முறை உண்ணும் உணவே ஒவ்வாமையை விளைவித்தது போலத் தோன்றலாம். சில வலிநிவாரணிகள், ஸ்கேன் எடுக்கும்போது செலுத்தப்படும் சில மருந்துகள், பாம்புக்கடி நஞ்சுமுறிவு மருந்து ஆகியவை ஐஜிஈயின் துணையின்றியே, உண்மையிலேயே முதல் முறையிலும், இதே போன்ற விளைவை ஏற்படுத்தக்கூடும். நஞ்சுமுறிவு மருந்து இன்றளவும் குதிரையின் இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அதற்காகப் பாம்புக்கடிக்கு அம்மருந்தை மறுத்தல் கூடாது. ஒவ்வாமை தோன்றினால் சமாளிக்கும் ஆயத்தத்துடனேயே மருத்துவமனையில் அது செலுத்தப்படுகிறது.

நோபல் பரிசும் அதன் பின்னரும்

1913ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ரிஷேக்கு வழங்கப்பட்டது. பரிசைப் பெற்றவர் அவர் ஒருவரே. கப்பலிலும் ஆய்வுக்கூடத்திலும் உடனிருந்து, 1902இன் அறிக்கையிலும் பெயர் பெற்றிருந்த போர்த்தியே அதில் சேர்க்கப்படவில்லை. இது நியாயமாகத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1953இல், மொனாக்கோ நாடு இக்கண்டுபிடிப்பின் 50ஆம் ஆண்டு நினைவாக அஞ்சல்தலைகளை வெளியிட்டது.

ரிஷேயின் ஆர்வங்களுக்கு எல்லையே இல்லை. கவிதையும் நாடகமும் எழுதினார். போரை எதிர்த்து அமைதி இயக்கத்தில் உழைத்தார். பிரெகே சகோதரர்களுடன் சேர்ந்து, 1907இல் தரையிலிருந்து சிறிது உயரம் எழும்பிய சுழல் இறக்கை ஊர்தி ஒன்றை உருவாக்குவதிலும் பங்குகொண்டார். ஆவிகளோடு பேசுவதாகக் கூறியவர்களை நீண்டகாலம் ஆராய்ந்து, அவர்களிற் சிலரின் ஏமாற்று வேலைகளை நம்பவும் செய்தார். இவற்றைவிட வருந்தத்தக்கது, மனிதரை இனத்தாலும் பிறப்பாலும் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என வகுத்து, உடற்குறையுள்ளோர் பெருகக் கூடாது எனக் கருதிய இயக்கத்தில் அவர் முன்னணியில் நின்றதாகும். அக்கருத்துகள் அறிவியலுக்கும் மனித மாண்புக்கும் புறம்பானவை. ஒரு துறையில் கண்ட உண்மை, மற்ற துறைகளில் ஒருவர் சொன்னதையெல்லாம் மெய்யாக்கிவிடாது.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பாரிசில் ரிஷே காலமானார். ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் வேதிப்பொருள் கண்டறியப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே. ஆனால் ஒவ்வாமை அதிர்ச்சியின் முதன்மை மருந்து அவர் காலத்திலேயே இருந்தது. அவர் கப்பலேறிய அதே 1901இல், அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலினைத் தூய வடிவில் பிரித்தெடுத்த முறையை ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி டகமினே வெளியிட்டிருந்தார்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அட்ரினலின், மேலே கூறிய விளைவுகளை ஏறக்குறைய ஒவ்வொன்றாக எதிர்க்கிறது. விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது, சுருங்கிய மூச்சுக்குழல்களை விரிக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கிறது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் இது செலுத்தப்படுகிறது. நிலை சீராகாவிடில் ஐந்து நிமிடங்களில் மறுபடியும் செலுத்தப்படும். அரிப்புக்குத் தரப்படும் ஒவ்வாமை மாத்திரைகள் தோல் அறிகுறிகளைத் தணிக்குமேயன்றி, மூச்சுத் திணறலையோ இரத்த அழுத்தச் சரிவையோ தடுத்து உயிரைக் காக்கா. வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பதில் போகும் நேரமே மிகப் பெரிய இழப்பு.

தடிப்புடன் மூச்சுத் திணறல், குரல் மாற்றம், தொண்டை அடைப்பு, தலைச்சுற்றல், தொடர் வாந்தி ஆகியவற்றுள் எதுவேனும் தோன்றினால் உடனே 108 ஊர்தியை அழைக்கவும் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவும். சிலருக்குத் தடிப்பே தோன்றாமலும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கவும். மூச்சுத் திணறல் மிகுந்திருந்தால் கால்களை நீட்டி உட்கார வைக்கலாம். கருவுற்ற பெண்களை இடப்பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும். சற்றுத் தேறியதும் எழுந்து நிற்கவோ, நடந்துசென்று ஊர்தியில் ஏறவோ விடக் கூடாது; திடீரென நிமிரும்போது இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுபோன நிகழ்வுகள் உண்டு. குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

ஊசியோ தடுப்பூசியோ போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருக்குமாறு செவிலியர் கூறுவது வெறும் சடங்கன்று. ஊசியால் வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். மருந்தும் மருத்துவரும் அருகிலிருக்கும் இடத்தில் அது வெளிப்படுவதே நல்லது. ஒவ்வாமை தணிந்த பின்னரும், சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வரக்கூடும். ஆகையால் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருக்கும்போது, நலமாகத் தெரிகிறது என்பதற்காக நோயாளியை அழைத்துச் சென்றுவிட வேண்டாம்.

ஒவ்வாமையை உண்டாக்கிய மருந்தின் பெயரை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, புறநோயாளர் சீட்டுடன் பத்திரப்படுத்தவும். பல் மருத்துவர், மருந்துக்கடைக்காரர் உட்பட மருந்து தரும் ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டவும். தடிப்பு மட்டும் வந்து தானே அடங்கிய முந்தைய நிகழ்வாயினும் அதைச் சொல்லவும். சென்ற முறை இலேசாக இருந்ததால் இம்முறையும் இலேசாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தையாயின் பள்ளி ஆசிரியரிடமும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியிடமும் இதனைத் தெரிவிக்கவும்.